வண்டி ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? பழைய ஆயிலை எங்கே ஊற்றுவது?

கேள்வி: "எங்களிடம் 2011 மாடல் பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. உழவர் சந்தைக்குக் காய் கொண்டுபோவது அதில்தான். சென்ற மாதம் என் வீட்டுக்காரர் ஜாக்கி போட்டு, பக்கத்தில் நாலு செங்கல் அடுக்கி, அடியில் படுத்து ஆயில் மாற்றினார். வெளியே வந்து கை துடைத்துக்கொண்டிருக்கும்போது ஜாக்கி சரிந்து வண்டி இறங்கிவிட்டது. செங்கல் பொடியாகிவிட்டது. இன்னும் இரண்டு நிமிடம் உள்ளே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. இப்போது செல்போன் வீடியோ பார்த்துவிட்டு, 'மேலிருந்தே உறிஞ்சி எடுத்துவிடலாம், அடியில் போக வேண்டாம்' என்கிறார். அது சரியா? மூன்று லிட்டர் பழைய ஆயில் கேனில் இருக்கிறது. கரையானுக்கு நல்லது, தென்னை மூட்டில் ஊற்று என்கிறார் மாமனார். ஊற்றலாமா?"
- ஈரோடு மாவட்ட வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டுள்ளார்)

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்கள் வீட்டுக்காரர் நல்லபடியாக வெளியே வந்தாரே, அது போதும். வண்டி வேலை என் துறை இல்லை. ஆனால் இருபது வருடமாகப் பழைய கார் வைத்திருக்கிறேன், பல தடவை நானே ஆயில் மாற்றியிருக்கிறேன். அந்தப் பழைய ஆயில் கடைசியில் போய்ச் சேரும் மண்ணும் கிணறும் என் துறைதான். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கான கருவி. தாங்கி நிறுத்துவதற்கானது அல்ல. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவரில் வரிசையாக இருந்தால்தான் பாரம் தாங்கும். ஒற்றைக் கல்லின் மேல் வண்டியின் கனம் ஒரு புள்ளியில் இறங்கினால், அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

முறை 1: அடியிலிருந்து வடிப்பது

பழைய முறை இதுதான், நல்ல முறையும் இதுதான். எஞ்சினின் அடியில் உள்ள சம்பில் ஒரு டிரெயின் போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் ஆயிலோடு அடியில் படிந்த கசடும் சேர்ந்து வரும்.

சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். உழுத மண்ணிலோ வாசல் சரிவிலோ வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கிய பிறகு, இரண்டு பக்கமும் இரும்பு ஜாக்கி ஸ்டாண்டு வைத்து, வண்டியை அதன் மேல் இறக்குங்கள். கையால் தள்ளிப் பார்த்து ஆடவில்லை என்றால்தான் அடியில் போக வேண்டும். ஸ்டாண்டு இல்லையென்றால் போகவே வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது அவசியம்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிட்டுத் தொடங்கினால் ஆயில் இளகி நன்றாக வடியும். நெடுந்தூரம் ஓட்டி வந்த உடனே திறந்தால் கை வெந்துவிடும். புது ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையாலேயே முறுக்குங்கள். வளையம் தொட்ட பிறகு எவ்வளவு முறுக்க வேண்டும் என்று ஃபில்டரின் மேலேயே போட்டிருக்கும். பழைய ஃபில்டரின் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால், ஓடும்போது ஆயில் மொத்தமும் பீய்ச்சிக்கொண்டு போய்விடும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பலம் காட்டி முறுக்கினால் மரை தேய்ந்துவிடும்.

இதில் நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியமரத்து நிழலில் படுத்துக்கொண்டு போல்ட்டைத் திறந்தேன். கருப்பாக வர வேண்டிய ஆயில் தேன் நிறத்தில், கந்தக வாடையோடு வந்தது. நான் திறந்தது கியர்பாக்ஸ் போல்ட்! கவனிக்காமல் எஞ்சினில் புது ஆயிலை ஊற்றி ஓட்டியிருந்தால், எஞ்சினில் ஆயில் இரண்டு மடங்கு, கியர்பாக்ஸில் ஒன்றுமில்லை. இரண்டும் போயிருக்கும். எனவே எந்த போல்ட் என்று கையேட்டைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள்.

முறை 2: மேலிருந்து உறிஞ்சுவது

ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் குழாய் வழியே மெல்லிய டியூபை இறக்கி, கைப்பம்பால் உறிஞ்சி எடுப்பது. உங்கள் வீட்டுக்காரர் சொல்வது ஏமாற்று வேலை இல்லை. அடியில் படுக்க வேண்டாம் என்பது பெரிய லாபம்.

குறைகளும் உண்டு. சில எஞ்சின்களில் டியூப் சம்பின் அடிவரை போகாது, கொஞ்சம் பழைய ஆயில் தங்கிவிடும். கனமான கசடு அடியிலேயே கிடக்கும். அதோடு ஃபில்டரையும் மாற்ற வேண்டுமே? அது மேலிருந்து கைக்கு எட்டினால் சரி. அடியில் இருந்தால், எப்படியும் கீழே போயாக வேண்டும். ஃபில்டரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையையே போட்டுக்கொள்வது போலத்தான்.

உறிஞ்சினால், வெளியே வந்த ஆயிலை அளந்து பாருங்கள். கையேட்டில் மூன்று லிட்டர் என்றிருந்து, இரண்டுதான் வந்திருந்தால், மீதி உள்ளே இருக்கிறது. மூன்றையும் ஊற்றினால் அளவு மிஞ்சி, ஆயில் நுரைத்து எஞ்சினுக்குக் கேடு.

முறை 3: சாய்த்து ஊற்றுவது

இது காருக்கு இல்லை, பவர் வீடர் போன்ற சிறு எஞ்சின்களுக்கு. பெட்ரோல் குழாயை மூடி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கும்படி சாய்த்து, ஆயில் ஊற்றும் வாய் வழியாகவே வடித்துவிடலாம். இந்த எஞ்சின்கள் பலவற்றில் முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவையும் மாற்றச் சொல்கிறார்கள். நம்மவர்கள் காரைக் கவனிக்கும் அளவுக்கு வீடரைக் கவனிப்பதில்லை. டூ ஸ்ட்ரோக் தெளிப்பானுக்கு இது பொருந்தாது. அதில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே போகிறது.

முறை 4: பொருள் நம்முடையது, குழி அவருடையது

கையேட்டில் உள்ள கிரேடு ஆயில், ஃபில்டர், வாஷர் மூன்றையும் நாமே வாங்கிக்கொண்டு, குழி உள்ள மெக்கானிக்கிடம் போய், கூடவே நின்று மாற்றி வருவது. கூலி மட்டும் கொடுத்தால் போதும். என்ன ஆயில் போட்டார்களோ என்ற சந்தேகம் இருக்காது.

எந்த முறையானாலும்

ஊற்றியதும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து, சமதளத்தில் குச்சியில் அளவு பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில், மேல்கோட்டை ஒட்டி இருந்தால் சரி. தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி எஞ்சினைக் "கழுவ" வேண்டாம். உள்ளே தேய்மானத்தைத் தடுக்கும் ஆயில் படலமே போய்விடும்.

வடித்த ஆயிலையும் பாருங்கள். கருப்பாக இருப்பது இயல்பு. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். ஜரிகை போல மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. இரண்டுக்கும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

இனி அந்த மூன்று லிட்டர்

மாமனாரிடம் மரியாதையோடு சொல்லுங்கள்: தென்னை மூட்டில் ஊற்ற வேண்டாம். எஞ்சினில் ஓடிய ஆயிலில் தேய்ந்த உலோகத் துகளும், எரிபொருள் எரிந்த நச்சுக் கழிவும் கலந்திருக்கும். மண்ணில் ஊற்றினால் மண்துளை அடைபட்டு, வேருக்குக் காற்றும் நீரும் போகாது. மழையில் கரைந்து போகாமல் வருடக்கணக்கில் கிடக்கும், மெல்ல மெல்லக் கிணற்றுக்கும் இறங்கும். ஒரு தடவை மாற்றும் ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல நீரைக் கெடுக்கப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. நம் நாட்டிலும் 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் வருகிறது.

பாம்பு வராது என்று வீட்டைச் சுற்றி ஊற்றுவது, உண்ணி போக மாட்டின் மேல் தடவுவது, கொசுவுக்காகச் சாக்கடையில் விடுவது, அடுப்பு பற்றவைப்பது எதுவும் வேண்டாம். மாடு தன் உடம்பை நக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கரையானுக்கு வழி இருக்கிறது. தோப்பில் புற்று இருந்தால் தோண்டி, ராணிக் கரையானை அழியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மரத்தின் அடியிலிருந்து ஆறடி உயரம்வரை பூசுங்கள்.

பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, "பழைய ஆயில்" என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். குடிநீர் பாட்டிலில் ஊற்றவே கூடாது. ஃபில்டரையும் ஓர் இரவு கவிழ்த்து வடித்து, அந்த ஆயிலைக் கேனில் சேருங்கள். அடுத்த தடவை டவுனுக்குப் போகும்போது, பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கீழே சிந்தியிருந்தால் மரத்தூள் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்.

என் முடிவைக் கேட்டால்: வீடர் ஆயிலை வீட்டில் மாற்றுங்கள். கார் ஃபில்டர் மேலிருந்து எட்டினால் உறிஞ்சும் முறை சரி. எட்டாவிட்டால் நான்காவது முறைதான் உங்களுக்கு. பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்றினால் போதும். வருடத்தில் ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்க, செங்கல்லை நம்பி அடியில் படுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.