பூமாலை பொறுக்கினால் யமுனை சுத்தமாகுமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து யமுனையைச் சுத்தம் செய்யப் போனேன். எங்கள் பகுதித் தமிழ் அமைப்பின் ஏற்பாடு. வாசகம் அச்சடித்த டீ-ஷர்ட், ரப்பர் கையுறை, ஆளுக்கொரு சாக்கு, முடிந்ததும் இட்லி, காபி. குழந்தைகள் உட்பட 60 பேர் இருப்போம். காஷ்மீரி கேட் பக்கம் ஒரு படித்துறையில் இரண்டு மணி நேரம் குனிந்து பொறுக்கினோம். சாமந்தி மாலை, தேங்காய் மூடி, பாலிதீன் பை, கண்ணாடி உடைந்த சாமி படங்கள் என்று சுமார் 40 மூட்டை சேர்ந்தது. நல்ல வேலைதானே என்கிறீர்களா? பொறுங்கள்.

கடைசியில் குழுப்படம். போட்டோ எடுத்த தம்பி சொன்னான்: "அங்கிள், எல்லாரும் கொஞ்சம் இடதுபக்கம் வாங்க. பின்னாடி நாலா தெரியுது."

நாங்களும் நகர்ந்தோம். 60 பேரும் ஒழுங்காக இடதுபக்கம் நகர்ந்து சிரித்தோம். இப்போது அந்தப் படம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. ஊரிலிருந்து என் சித்தப்பா கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார். படத்துக்கு வெளியே, எங்களுக்கு 50 அடி வலப்பக்கம், கறுப்பாக, நுரையோடு, இரவு பகல் பாராமல் அந்தச் சாக்கடை ஆற்றில் விழுந்துகொண்டிருக்கிறது. அது படத்தில் இல்லை. அதனால் இந்தப் பதிவு.

(சங்கத்து நண்பர்கள் பலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். திட்டுவதாக இருந்தால் பின்னூட்டத்தில் திட்டுங்கள், நேரில் பார்க்கும்போது காபி மட்டும் நிறுத்திவிடாதீர்கள் :-))

நான் பி.காம். படித்த ஆள். விஞ்ஞானி இல்லை. ஆனால் வரவு செலவு பார்க்கத் தெரியும். யமுனையின் கணக்கைப் பார்ப்போம். ஆற்றின் மொத்த நீளம் 1,376 கிலோமீட்டர். அதில் தில்லிக்குள் வஜீராபாத் தடுப்பணையிலிருந்து ஓக்லா தடுப்பணை வரை 22 கிலோமீட்டர், அதாவது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆற்றில் சேரும் மொத்த அழுக்கில் முக்கால் பங்குக்கு மேல் இந்த 22 கிலோமீட்டரில்தான் சேருகிறது. ஒரு கிளையில் மட்டும் இப்படி நஷ்டம் வந்தால் தலைமை அலுவலகம் சும்மா விடுமா?

வஜீராபாத்தில் என்ன நடக்கிறது என்றால், வந்த நல்ல தண்ணீரை நம் குடிநீருக்காகத் தடுத்து எடுத்துக்கொள்கிறோம். தடுப்பணையைத் தாண்டிய உடனே நஜப்கர் நாலா வந்து சேருகிறது. ஒரு காலத்தில் சாஹிபி என்ற ஆறாக இருந்தது, இன்று தில்லியின் மிகப்பெரிய சாக்கடை. அதற்குக் கீழே இன்னும் வரிசையாக. பெரிதும் சிறிதுமாக 22 வடிகால்கள் என்று வழக்கமாகக் கணக்குச் சொல்வார்கள். ஆகவே மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஐ.டி.ஓ. பாலத்தைக் கடக்கும்போது மெட்ரோ ஜன்னலில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஆறே அல்ல. நம் வீட்டுக் கழிவறைத் தண்ணீர். ஆற்றில் வினாடிக்கு 10 கனமீட்டராவது ஓட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. அது போதாது, இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும் என்று பிறகு வல்லுநர்கள் சொன்னார்கள். தண்ணீர் யார் விடுவது என்பதில் ஹரியானாவும் தில்லியும் இன்னும் சண்டை போடுகின்றன. 2025 தேர்தலில் அந்தச் சண்டை விஷம் வரைக்கும் போனது நினைவிருக்கும்.

குளிக்கத் தகுந்த தண்ணீர் என்றால் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க வேண்டும். தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு மாதாமாதம் எட்டு இடங்களில் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்து அறிக்கை வெளியிடுவது வழக்கம். நகருக்குள் நுழையும் பல்லாவில் ஓரளவு நன்றாக இருக்கும். கீழே இறங்க இறங்க பல மாதங்களில் ஆக்ஸிஜன் என்ற இடத்தில் "இல்லை" என்றே போட்டிருக்கும். சாமந்திப் பூவா அந்த ஆக்ஸிஜனைத் தின்றது?

"சும்மா இருப்பதற்கு ஏதோ செய்கிறார்களே, அதையும் குறை சொல்ல வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. இந்த மாதிரி விழாக்கள் பயனில்லாதவை மட்டுமல்ல, கெடுதலும் செய்கின்றன. குற்றவாளி யார் என்பதை மாற்றிவிடுகின்றன. பாலத்தில் ஆட்டோவை நிறுத்தி, பூஜை முடிந்த பூவைப் பையோடு வீசுகிற ஏழைப் பெண்மணி குற்றவாளி. மூன்று கழிவறை உள்ள பிளாட்டில் இருந்துகொண்டு அவரைத் திருத்த வரும் நாம் தொண்டர்கள்! அன்று எங்கள் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய அதிகாரியும் மக்கள் மனம் மாற வேண்டும் என்றார். அவர் பதவிக்கு நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. நாமோ அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

இது புதிதும் அல்ல. 2004-இல் யமுனை புஷ்தாவில் இருந்த ஆயிரக்கணக்கான குடிசைகளை இடித்தார்கள். ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு, ஆற்றைக் கெடுக்கிறார்கள் என்றார்கள். ஜனங்களை பவானா, ஹோலம்பி கலான் என்று ஊர்க்கோடிக்கு அனுப்பினார்கள். 20 வருஷம் ஆகிவிட்டது. ஆறு சுத்தமாகிவிட்டதா? அதே வெள்ளச் சமவெளியில் பிறகு காமன்வெல்த் விளையாட்டுக் கிராமமே வந்தது. ஒவ்வொரு சத் பூஜைக்கும் காளிந்தி குஞ்ச் பக்கம் வெள்ளை நுரை மிதக்கும் படம் பேப்பரில் வருகிறதே, அது நம் துணி சோப்பும் கழிவுநீரும் தடுப்பணையில் விழுந்து அடித்துக்கொள்வதால் வரும் நுரை. அதற்கும் படகில் போய் நுரையடக்கி மருந்து தெளிக்கிறார்கள். அதுவும் ஒருவகையில் இடதுபக்கம் நகர்வதுதான்.

சரி, இவ்வளவு பேசுகிற நீ யார் என்றால், சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் சென்னிமலைப் பக்கம். நொய்யல் ஆற்றுப் பாசனம். திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவை ஒரத்துப்பாளையம் அணை தேக்கிவைத்துக்கொண்டிருந்த காலத்தில் பள்ளிக்கூடம் போனவன். பாசனத்துக்குக் கட்டிய அணையை, "ஐயா, தண்ணீர் தேக்காதீர்கள்" என்று விவசாயிகளே கெஞ்சிய ஒரே ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும். மாமா தோட்டத்துக் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தால் தண்ணீர் ஒரு வாரம் ஒரு நிறம், அடுத்த வாரம் வேறு நிறம். தென்னை குரும்பையிலேயே கொட்டும்.

அந்த ஆற்றில் யாரும் பூ பொறுக்கவில்லை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் வைத்து வழக்குப் போட்டார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம், பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்றது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்படியும் ஓடியது. 2011 ஜனவரியில் அத்தனை பட்டறைகளையும் மூடச்சொல்லி உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். திருப்பூரில் எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள், அதை மறைத்துப் பேசமாட்டேன். பிறகு மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்து, தண்ணீரைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தும் முறை வந்தது. இன்றும் மழை பெய்தால் இரவோடு இரவாகத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. நொய்யல் இன்னும் நல்ல ஆறாகிவிடவில்லை. ஆனால் குழாயைப் பிடித்துப் பின்னால் போய், எந்தக் கட்டடத்திலிருந்து வருகிறது என்று கேட்டவர்கள் அவர்கள்.

அந்த 2011-இல் ஊருக்குப் போனபோது மாமா கேட்டார்: "ஏம்ப்பா மாப்ளே, அந்தப் பட்டறைக்கெல்லாம் கடன் குடுத்தது உங்க பேங்க்குக்காரங்கதானே? ஒருத்தனுக்குக் கூடவா நாத்தம் அடிக்கல?"

சிரித்து மழுப்பினேன். நான்தான் திருப்பூரில் கடன் கொடுக்கவில்லையே.

அதற்குச் சில வருஷம் கழித்துக் கிழக்கு தில்லியில் ஒரு கிளையில் கடன் பிரிவு பார்த்தேன். ஜீன்ஸ் துணிக்குச் சாயம் போட்டு அலசும் சிறு பட்டறை ஒன்றின் கடன் புதுப்பிப்பு வந்தது. நேரில் பார்வையிடப் போனேன். வீடுகள் நெருங்கிய சந்து, தரையெல்லாம் நீலம். மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி நகல் கோப்பில் இருந்தது. கழிவு சுத்திகரிக்கும் தொட்டியைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள். காய்ந்த தொட்டிக்குள் பழைய ஸ்கூட்டர் டயர்களும் ஒரு உடைந்த கூலரும் கிடந்தன. முதலாளி, "சார், மெயின்டனென்ஸ் நடக்குது" என்றார். லஸ்ஸி வந்தது. கிளைக்குத் திரும்பி, படிவத்தில் சுத்திகரிப்பு வசதி உள்ளதா என்ற கட்டத்தில் "உள்ளது, அனுமதி நகல் இணைப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யில்லை பாருங்கள், தொட்டி இருந்தது! அந்தக் கணக்கு ஒருநாளும் வாராக்கடன் ஆகவில்லை. அந்த வருடம் எனக்கு நல்ல பெயர்.

ஊரில் நாங்கள் ஆற்றின் கீழே இருந்தோம். இங்கே மேலே இருக்கிறேன். நம் கழிவு மதுராவுக்கும் ஆக்ராவுக்கும் போகிறது. "இது நம்ம ஊரா என்ன, ரிட்டயர் ஆனால் கோயம்புத்தூர் போகப்போகிறோம்" என்று பேசுகிற நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குடிப்பதும் யமுனை, கழிப்பதும் யமுனை, ஊர் மட்டும் வேறா?

தில்லியிலும் குழாயின் பின்னால் போனவர்கள் இருக்கிறார்கள். மனோஜ் மிஸ்ரா என்று ஒருவர். வனத்துறைப் பணியை விட்டுவிட்டு வந்து 2007-இல் யமுனா ஜியே அபியான் தொடங்கினார். அவர் போட்ட வழக்கில்தான் 2015 ஜனவரியில் பசுமைத் தீர்ப்பாயம் வெள்ளச் சமவெளியில் கட்டடம் கூடாது, சாக்கடைகளை இப்படி இப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று நீண்ட தீர்ப்புக் கொடுத்தது. பூஜைப் பொருளை வீசினால் 5,000 ரூபாய் அபராதம் என்பதும் அதில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அத்தனை பெரிய தீர்ப்பில் நம் ஜனங்களுக்கு அந்த 5,000 ரூபாய் மட்டும்தான் ஞாபகம். 2023 ஜூனில் அவர் மறைந்தார். அடுத்த மாதமே யமுனை 208.66 மீட்டர் உயர்ந்து, 1978 வெள்ளச் சாதனையை முறித்து, தன் சமவெளியை எடுத்துக்கொண்டு போனது.

வசந்த் குஞ்ச் பக்கம் நீலா ஹௌஸ் ஏரியும் அப்படித்தான். காமன்வெல்த் போட்டிக்குப் பாலம் கட்டும்போது இடிபாட்டைக் கொட்டி மூடிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். பிறகு தில்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு வழிகாட்டுதலில் கல்லும் நாணலும் கொண்டு ஈரநிலம் அமைத்து, சாக்கடை நீர் அதன் வழியே வடிந்து ஏரிக்குள் போகும்படி செய்தார்கள். சின்ன வேலைதான். ஆனால் வருகிற தண்ணீரில் கை வைத்தார்கள், மிதக்கிற குப்பையில் அல்ல.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். அடுத்த வருஷ டீ-ஷர்ட் செலவை நிறுத்துங்கள். நம் குடியிருப்புகளின் கழிவு எந்த நாலாவில் விழுகிறது, அந்த வழியில் எந்த சுத்திகரிப்பு நிலையம், அதன் கொள்ளளவு எவ்வளவு, உண்மையில் எவ்வளவு வருகிறது, மாத அறிக்கை என்ன சொல்கிறது என்று ஒரு நோட்டு போடுவோம். நிலையம் கட்டினால் ரிப்பன் வெட்டலாம், வீதி வீதியாகக் குழாய் இணைப்புக் கொடுத்தால் ரிப்பன் கிடையாது. அதனால்தான் அங்கீகாரமில்லாத காலனிகளில் இன்னும் செப்டிக் டேங்க்கை உறிஞ்சும் லாரிகள் ராத்திரியில் நாலாவில் கொட்டுகின்றன. அதைக் கேட்போம் என்றேன்.

ஒரு நிமிடம் மௌனம். தலைவர் சொன்னார்: "சார், இது பாலிடிக்ஸ் ஆயிடும். நாம கல்ச்சுரல் அசோசியேஷன்." இன்னொருவர், தகவல் உரிமை மனு யார் பெயரில் போடுவது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வங்கி நடத்தை விதிகள் ஞாபகத்துக்கு வந்து நான் தண்ணீர் குடித்தேன். உண்மையைத்தானே எழுதவேண்டும்.

அப்போது, செக்ரடேரியட்டில் 35 வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆன ஒரு மாமா கடைசி வரிசையிலிருந்து சொன்னார்: "என் பேர்ல போடுங்கோ சார். எனக்கு யார் மெமோ குடுக்கப்போறா? பத்து ரூபா போஸ்டல் ஆர்டர் நானே வாங்கிக்கறேன்."

மனு போயாகிவிட்டது. அவர் கணிப்புப்படி, இது எங்களுடையது அல்ல என்று வேறு அலுவலகத்துக்கு மாற்றி ஒரு கடிதம் வரும், அதற்கு இந்தியில் பதில் வரும், பிறகு மேல்முறையீடு. "மூணு மாசம் வேலை இருக்கு" என்று உற்சாகமாகச் சொல்கிறார்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதே படித்துறை. இந்த முறை வலப்பக்கம். அந்த நாலாவை ஒட்டிக்கொண்டே மேல்நோக்கி நடந்து, எங்கெங்கே எது வந்து சேருகிறது என்று எழுதப்போகிறோம். இதுவரை மாமா, நான், போட்டோ எடுத்த தம்பி என்று மூன்று பேர். கையுறை வேண்டாம், நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள். மூக்குக்குக் கைக்குட்டை அவசியம். டீ என் செலவு.