ஆணையும் காரணமும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கு மேற்கே உள்ளது கடம்பத்தூர். அவ்வூருக்குத் தென்மேற்கே, காஞ்சிபுரம் செல்லும் திசையில், பேரம்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. நெல்வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த அந்நிலப்பகுதியில் 1780ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஒரு பெரும்படை அழிந்தது. அவ்வழிவுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் பாடநூல்கள் அதிகம் எடுத்துரைக்காத ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். படைத்தலைவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட முறையும், உடனிருந்தோர்க்கு உரைத்த முறையுமே அது.

அவ்வாண்டில் மைசூர் ஐதர் அலி கர்நாடகத்தின்மேற் படையெடுத்து வந்தார். அவரை எதிர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒரே படை இல்லை. இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்று ஜெனரல் ஹெக்டர் மன்றோவின் தலைமையில் காஞ்சிபுரத்தில் தங்கியது. சென்னையில் குதிரைமேல் சிலையாக வீற்றிருக்கும் தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். தாமஸ் மன்றோ அப்போதுதான் சென்னைக்கு வந்து படையிற் சேர்ந்திருந்த இளைஞர். மற்றொரு படை, கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் குண்டூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகத் தெற்கே வந்துகொண்டிருந்தது. அதில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இருந்தனர்.

பெய்லி ஆகஸ்டு 25ஆம் நாள் கொசத்தலை ஆற்றின் வடகரையை அடைந்தார். அப்போது ஆற்றில் நீர் குறைவு. அன்றே கடந்திருக்கலாம், அவர் கரையில் தங்கினார். இரவில் வெள்ளம் வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் அப்பால் செல்ல இயலாது படை நின்றது. இதனை மழையின் குற்றம் என்று விட்டுவிடலாம். பின்னர் நடந்தவற்றை அவ்வாறு விட இயலாது.

ஆற்றைக் கடந்து வந்த பெய்லியைச் செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் திப்பு சுல்தான் தாக்கினார். பெய்லி தாக்குதலைத் தடுத்து நிறுத்தினார். ஆயினும் வீரர் பலரை இழந்தார். அங்கிருந்து மன்றோவின் பாசறை ஏறத்தாழ 15 மைல் தொலைவே. பீரங்கியின் ஒலி கேட்கும் தொலைவு என்றும் சொல்லலாம். பெய்லி மன்றோவுக்குக் கடிதம் விடுத்தார்: தம்மால் முன்னேற இயலவில்லை, மன்றோவே வந்து தம்மைச் சேர்தல் வேண்டும். இதுகாறும் மன்றோ பெய்லிக்குச் சொல்லி வந்ததோ, பெய்லியே காஞ்சிக்கு வந்து சேர்தல் வேண்டும் என்பது. ஆக, 'நீ வா' என்று ஒருவரும், 'நீரே வாரும்' என்று மற்றவரும் சொல்லிக்கொண்ட நிலை அது. ஒவ்வொருவர் சொல்லும் தனித்தனியே தெளிவானதே. இரண்டும் ஒருசேர நிறைவேறத்தான் வழியில்லை.

மன்றோவின் மறுமொழி இவ்விரண்டிலும் சேராதது. அவர் தாமும் செல்லவில்லை. பெய்லியைப் பின்வாங்கவும் சொல்லவில்லை. கர்னல் பிளெச்சர் என்பவரை ஆயிரம் வீரரோடு இரவில் அனுப்பினார். பிளெச்சர் தமக்கு வழிகாட்டியவர்களை ஐயுற்று, வேறு வழியே சுற்றிச் சென்று, 9ஆம் நாள் காலையில் பெய்லியை அடைந்தார்.

அதே நாட்களில் எதிர்ப்புறத்திலும் ஒரு செய்தி சென்றது. கூடுதற்படை இல்லாமல் பெய்லியை வெல்ல இயலாது என்று திப்பு தம் தந்தைக்குத் தெரிவித்தார். தமக்கு இயலாததை மறையாமற் சொல்லி, வேண்டுவதையும் சொன்ன செய்தி அது. ஐதர் அலி பாதிப் பதில் அனுப்பவில்லை. மன்றோவின் கண்முன் தாம் இருப்பதுபோலக் காட்டிக்கொண்டே, இரவோடு இரவாகத் தம் பெரும்படையைப் பெய்லியின் பக்கம் திருப்பினார்.

இனி, 9ஆம் நாள் இரவில் நடந்ததே நான் பெரிதாக எண்ணுவது. பெய்லி அன்றிரவு காஞ்சியை நோக்கிப் புறப்பட்டார். சில மைல் சென்றதும் இடையிடையே சுடுதல் கேட்டது. பெய்லி படையை நிறுத்தி, விடியும் வரை அங்கேயே தங்கக் கட்டளையிட்டார். எஞ்சிய வழி சில மணி நேர நடையே. ஏன் நிற்கிறோம் என்று சில அதிகாரிகள் பிளெச்சரை வினவினர். பெய்லி பெயர் பெற்ற அதிகாரி என்றும், அவருக்குத் தக்க காரணம் இருக்கும் என்றும் அவர் விடையிறுத்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. படையின் இரண்டாம் தலைவருக்கு ஒப்பானவர் அவர்! அவருக்கே காரணம் தெரியவில்லை. காரணம் தெரிந்திருந்தால் அவர் அதனை ஏற்றிருக்கலாம். அன்றித் தவறு என்று எடுத்துக்காட்டியும் இருக்கலாம். தெரியாத காரணத்தை எவ்வாறு ஏற்பது? எவ்வாறு மறுப்பது?

விடிந்தது. செப்டம்பர் 10ஆம் நாள், பொள்ளிலூர் என்று வரலாற்றிற் பெயர் பெற்ற புள்ளலூரின் அருகே ஐதரின் முழுப்படையும் சூழ்ந்துகொண்டது. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. படையில் பெரும்பகுதி மாண்டது, எஞ்சியோர் சிறைப்பட்டனர். பெய்லி 1782இல் சீரங்கப்பட்டினத்துச் சிறையிலேயே இறந்தார். மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். பக்சார்ப் போரில் 1764இல் வென்று புகழ் கொண்டவர் அவரே என்பதை நினைத்தால் வியப்பு உண்டாகிறது.

இதனைப் படிக்கும் மாணவர், 'போர்வீரனுக்குக் காரணம் எதற்கு? கீழ்ப்படிதலே அவன் கடமையன்றோ?' என்று கேட்கலாம். நல்ல வினாவே. காரணம் பகைவர் செவிக்கு எட்டிவிடும் என்னும் அச்சமும் பொருளற்றதன்று. ஆயினும் பகைவரிடம் மறைப்பது வேறு, தோளோடு தோள் நிற்பவரிடம் மறைப்பது வேறு. கட்டளை எழுதப்பட்ட நேரத்தில் இருந்த நிலைமை, அது நிறைவேறும் நேரத்தில் இருப்பதில்லை. ஆற்றில் வெள்ளம் வரும், வழிகாட்டி ஏமாற்றுவான், தலைவரே வீழ்ந்துபடுவார். அப்போது கட்டளையின் சொற்கள் பயன்படா. அதன் நோக்கமே பயன்படும். 'பாலத்தைப் பிடி' என்று மட்டும் கேட்டவன், பாலம் இடிந்து கிடக்கக் கண்டால் திகைத்து நிற்பான். 'பகைவர் ஆற்றைக் கடவாதிருக்கும்பொருட்டுப் பாலத்தைப் பிடி' என்று கேட்டவனோ, அருகிலுள்ள துறையைக் காக்க விரைவான்.

கிரிமியாவில் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் நடந்ததும் இக்கருத்துக்குச் சான்றாகும். பாலக்லாவாப் போரில் ஆங்கிலத் தளபதி ரக்லன் பிரபு குன்றின்மேல் நின்றார். பக்கத்து மேட்டில் தம்மவரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை ரஷ்யர் இழுத்துச் செல்லப்போவதாக அவருக்குத் தோன்றியது. குதிரைப்படை விரைந்து முன்சென்று அதனைத் தடுத்தல் வேண்டும் என்று கட்டளை எழுதச் செய்தார். எந்தப் பீரங்கிகள் என்பது அதில் இல்லை. குன்றின்மேல் நின்றவருக்கு அது வேண்டுவதாகத் தோன்றவில்லை போலும். கீழே பள்ளத்தாக்கில் நின்ற லூக்கன் பிரபுவுக்கோ அம்மேட்டில் நடப்பது புலப்படவில்லை. ஓலை கொணர்ந்த நோலன் என்பவரை வினவினார். அவர் பள்ளத்தாக்கின் கோடியை நோக்கிக் கையை வீசினார் என்பர். அக்கோடியில் இருந்தவை ரஷ்யரின் சொந்தப் பீரங்கிகள். அவை வாய் திறந்து காத்திருந்தன. ஏறத்தாழ 670 குதிரைவீரர் அவற்றின்மேற் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; முதலில் வீழ்ந்தவருள் நோலனும் ஒருவர். அவர்களின் வீரத்தை உலகம் இன்றும் பாடுகிறது. எனக்கோ அப்பாடலைக் கேட்கும்போதெல்லாம் அக்காகிதத் துண்டே நினைவுக்கு வருகிறது.

எழுதுவோன் தான் நிற்கும் இடத்திலிருந்து எழுதுகிறான். படிப்போன் வேறோர் இடத்தில் நின்று படிக்கிறான். இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டதனாலேயே இக்காலப் படைகள் எழுத்துக்குப் பல கட்டுப்பாடுகளை வகுத்துள்ளன. நீலகிரியின் வெல்லிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணிகள் கல்லூரியில், தரை, கடல், வான் ஆகிய முப்படை அதிகாரிகளும் ஒருங்கே பயில்கின்றனர். சென்னைப் பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய பயிற்சிப்பள்ளியிலும் இளம் அதிகாரிகள் துப்பாக்கியோடு சொல்லையும் பழகுகின்றனர். போர்க்கட்டளையில் முதலில் நிலைமை கூறப்படும். அடுத்துச் செய்யவேண்டிய பணி. பிறகு அதனைச் செய்யும் முறை. பின்னர் உணவு, மருந்து முதலியவை. இறுதியாகத் தலைமையும் செய்தித்தொடர்பும். எந்தக் கட்டளையும் இவ்வொழுங்கில் வருதலின், களைத்திருக்கும் வீரனும் எங்கே எதனைத் தேடுவது என்பதை அறிவான். 'காலை ஆறு', 'மாலை ஆறு' என்னும் மயக்கம் நேராவண்ணம் நேரத்தை இருபத்துநான்கு மணிக் கணக்கில் எழுதுவர். ஆற்றின் இடக்கரை எது என்ற ஐயம் எழுமானால், நீர் ஓடும் திசையை நோக்கி நிற்பவனுக்கு இடப்புறமே இடக்கரை என்று முன்னரே முடிவு செய்து வைத்துள்ளனர். வாயாற் சொல்லும்போது மணலில் மேடும் பள்ளமும் வயலும் ஊரும் அமைத்து, அம்மாதிரியைச் சுட்டிக்காட்டி விளக்குவர். அன்று நோலன் வீசிய கைக்கு இந்த மணல் நல்ல விடை.

நம் பள்ளிக் கட்டுரைகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. பக்கம் நிறைந்தால் மதிப்பெண் நிறையும் என்று எண்ணும் மாணவர் உளர். அவர்களை அவ்வாறு எண்ணச் செய்த ஆசிரியரும் உளர். மழை பெய்தது என்று சொல்ல மூன்று வரி அணி செய்வோம். எவ்வூரில், எந்நாளில் என்பதை மறப்போம். அணி தீயதன்று, கவிதையில் அதற்கு இடமுண்டு. இங்கிலாந்தின் தலைமை அமைச்சர் சர்ச்சில் சொல்லழகில் வல்லவர். அவரே 1940ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நாட்டின்மேல் பகைவர் வானூர்திகள் பறந்துகொண்டிருந்தபோது, தம் அலுவலர் அறிக்கைகளைச் சுருக்கமாக எழுதுதல் வேண்டும் என்று தனியே ஒரு குறிப்பு விடுத்தார். நம் வள்ளுவரும் தூது என ஓர் அதிகாரமும், சொல்வன்மை என ஓர் அதிகாரமும் பொருட்பாலில் வைத்திருக்கிறார். அரசியலையும் படையையும் பேசும் பாலில் அவை இடம்பெற்றதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

கம்பியில்லாத் தந்தியும் கைப்பேசியும் வந்த பின்னர் இவ்விடர் நீங்கிவிட்டது என்று சிலர் கருதுவர். செய்தி விரைந்து செல்கிறது. மயக்கமும் அதே விரைவில் செல்கிறது. ஆதலின் வானொலியிற் கட்டளை பெறுவோன், தான் பெற்றதைத் திருப்பிச் சொல்லும் வழக்கம் இன்றும் படைகளில் உண்டு. கடம்பத்தூர், கும்மிடிப்பூண்டிப் பகுதித் தொழிற்சாலைகளில் இரவுமுறை முடித்து வீடு செல்லும் தொழிலாளி, பகல்முறைக்கு வருபவரிடம் எந்த எந்திரம் எதனால் நிறுத்தப்பட்டது என்று சொல்லிச் செல்வதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 'நிறுத்தியிருக்கிறது' என்பது மட்டும் போதாது. எதனால் என்பதைச் சொல்லாவிடின், புதிதாய் வந்தவர் அதனை ஓட்டிவிடுவார்.

மாணவர்கள் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். இரவில் கடம்பத்தூர் நிலையத்தில் வந்திறங்கும் அயலூரார் ஒருவர் பேரம்பாக்கம் சென்று, அங்குள்ள ஒருவரிடம் ஒரு பொருளைச் சேர்க்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பத்து வரியில் வழி எழுதுக. எதற்காகச் செல்கிறார், உரியவர் இல்லையேல் என்ன செய்வது என்பவையும் அப்பத்து வரியில் அடங்க வேண்டும். எழுதியதை அவ்வழியறியாத நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். அவர் படிக்கும்போது நீங்கள் வாய் திறத்தல் கூடாது. கையையும் வீசுதல் கூடாது.