பார்ப்பதற்கும் கூலி கொடுப்போம்

காரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது, எஞ்சினை அணைத்தால் அடியோடு நின்றுவிடுகிறது. இந்தப் புகாரோடு கார் ஆடியோ கடைக்குப் போனால் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "செட்டு பழசாயிடுச்சு சார், மாத்திடலாம்." கொஞ்சம் இரக்கமுள்ள கடையாக இருந்தால் 'நாய்ஸ் ஃபில்டர்' என்ற சின்ன டப்பாவை வயரின் நடுவே மாட்டி அனுப்புவார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவழித்துப் புது செட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அதே கீச்சொலி மறுபடி கேட்பதும் நடக்கிறது. செட் மாறிவிட்டது, கோளாறு மாறவில்லை. கடைக்காரரின் பேராசை என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. பொருளை விற்றால்தான் காசு என்ற நிலையில் ஒரு தொழிலாளியை நிறுத்திவிட்டு, அவர் பொருளை விற்கிறார் என்று குறைப்படுவது நியாயமில்லை.

தேடுவது அப்படி என்ன பெரிய வேலை என்று கேட்கலாம். கார் இரைச்சலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு; தான் எங்கிருந்து வருகிறேன் என்பதை அதுவே சொல்லிவிடும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி ஆல்டர்னேட்டரில் பிறப்பது. பழைய மெக்கானிக்குகள் இன்றும் 'டைனமோ' என்றே அதைச் சொல்வார்கள். அது உண்டாக்குவது மூன்று கட்ட மாறுமின்சாரம். ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகின்றன. ஆனால் அந்த நேர்மின்சாரம் வழவழப்பானதல்ல, அதன் மேல் சின்னச் சின்ன அலைகள் மிச்சமிருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றுகிறது, ஆல்டர்னேட்டர் அதைப்போல இரண்டரை மடங்கு சுற்றுகிறது, உள்ளே 12 காந்தத் துருவங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த அலைகள் வினாடிக்குச் சுமார் 1,500 முறை வரும். எஞ்சின் 2,000 சுற்றுக்கு ஏறினால் 3,000 முறை. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதிக்குள் அது நுழைந்துவிடுகிறது. அதனால்தான் துளியளவு கசிந்தாலும் பாட்டை மீறி உறுத்துகிறது. டக் டக் என்று எஞ்சின் வேகத்தோடு துரிதமாகும் ஒலி வேறு வகை. பெட்ரோல் காரில் அது பெரும்பாலும் ஸ்பார்க் பிளக், அதற்குப் போகும் வயர் இவற்றின் வேலை. டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, எனவே அங்கே அதைக் குற்றம் சொல்ல வழியில்லை. ஹெட்லைட் போட்டவுடன் எஃப்.எம். மட்டும் கரகரத்தால், பின்னால் வாங்கி மாட்டிய மலிவான எல்.இ.டி. பல்பைப் பார்க்க வேண்டும். சார்ஜரில் போனைச் செருகியதும் இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பார்க்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கும்போதும் கரகரப்பு இருந்தால் ஆல்டர்னேட்டரின் மேல் பழி போட முடியாது.

காதால் கேட்டதைக் கையால் உறுதிசெய்யும் வழிகளுக்கும் செலவில்லை. சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் குறைத்துப் பாருங்கள். இரைச்சல் அதே அளவில் நின்றால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்துக்குப் பிறகுதான் அது உள்ளே நுழைகிறது. ஆம்ப், அதற்குப் போகும் வயர், மின்சாரம் வரும் வழி இவற்றைத் தேட வேண்டும். சத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால், அதற்கு முன்னாலேயே நுழைந்துவிட்டது என்று பொருள். ரேடியோவில் மட்டும் கேட்டு, பென் டிரைவில் கேட்காவிட்டால் ஏரியல் வயரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் அது வந்த வழி தெரிந்துவிட்டது. கூரையில் ஏரியல் நிற்கும் அடிப்பாகம் துருப்பிடித்து பாடியோடு தொடர்பு விட்டுப்போயிருப்பது சர்வசாதாரணம். அப்போது ஸ்பார்க் பிளக்கின் ஒலி அதன் வழியாகத்தான் ஏறும். மல்டிமீட்டர் இருந்தால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் மாறுமின்சார அளவில் வைத்துப் பார்க்கலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு ஒன்று போயிருக்கும் என்று சந்தேகிக்கலாம். பேட்டரியில் இயங்கும் ஒரு சின்ன மீடியம் வேவ் டிரான்சிஸ்டரை, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து பானட்டுக்கு அடியில் வயர்களின் அருகே கொண்டுபோனால், இரைச்சல் பிறக்கும் இடத்தில் அது சத்தமாக அலறும். மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் செய்யும் வேலையை அது செய்கிறது. இவ்வளவையும் ஒழுங்கு தவறாமல் செய்ய அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் ஆகும்.

இந்தத் தேடலில் அடிக்கடி பிடிபடும் குற்றவாளி எர்த். காரில் மின்சாரம் திரும்பிப் போவதற்குத் தனி வயர் இல்லை, இரும்பு பாடியே அந்த வழி. டிக்கியில் ஆம்பை வைத்து, அதன் எர்த் வயரைப் பக்கத்தில் கிடைத்த ஒரு திருகில் மாட்டிவிடுகிறார்கள். அந்தத் திருகுக்கு அடியில் பெயின்ட் இருக்கிறது. பெயின்டில் மின்சாரம் பாயாது. திருகின் மரை தொடும் இம்மியளவு இரும்பில்தான் அத்தனை மின்சாரமும் போக வேண்டும். அந்த இணைப்பில் ஓம்ஸில் நூறில் ஒரு பங்கு தடை இருந்து, 20 ஆம்பியர் பாய்ந்தால், அங்கே 0.2 வோல்ட் தேங்கிவிடும். டேஷ்போர்டில் இருக்கும் செட்டுக்கு ஒரு எர்த், டிக்கியில் இருக்கும் ஆம்புக்கு வேறொரு எர்த் என்று ஆகிறது. இரண்டுக்கும் இடையிலான அந்தச் சிறு வித்தியாசத்தைப் பாட்டு என்று எண்ணிக்கொண்டு ஆம்ப் பெருக்கித் தருகிறது. உப்புத் தாளால் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பின் மேல் வளையத்தை வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இந்த இணைப்புகளை இன்னும் சீக்கிரம் தின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட காரில் எத்தனை விலையுள்ள செட்டை மாட்டினாலும் அது அதே எர்த்தில்தான் உட்காரும்.

ஸ்பீக்கர் விஷயத்திலும் கதை இதுதான். ஒரு பக்கம் பாடவில்லை என்றால், ஸ்பீக்கர் போய்விட்டது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பேலன்ஸைத் திருப்பி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, கதவைத் திறந்து மூடியபடி கேட்டால் பாதி உண்மை வெளிப்படும். கதவுக்கும் தூணுக்கும் இடையே சுருங்கி விரியும் ரப்பர் குழாய்க்குள் ஓடும் வயர், ஆயிரக்கணக்கான முறை மடங்கி உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். டோர் பேடைக் கழற்றிய பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரி செல் ஒன்றை, அதன் பிளஸ் முனை பிளஸ் வயரில் படும்படி, ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தால், நல்ல ஸ்பீக்கர் 'டப்' என்று சொல்லும், கோன் முன்னால் தள்ளும். தள்ளாமல் உள்ளே இழுத்தால் வயர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று அப்படி இருந்தாலே பாஸ் காணாமல் போய்விடும். புது ஸ்பீக்கர் வாங்கியும் பாஸ் வரவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. நான்கு ஓம்ஸ் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் அளந்தால் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே காட்டும், ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. இரண்டு பக்கமும் விரலை வைத்துக் கோனை மெல்ல அமுக்கும்போது உள்ளே உரசும் ஒலி கேட்டால், அந்த ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும், அதில் விவாதமில்லை. ஆனால் அது ஏன் கெட்டது என்று கேட்காமல் மாற்றக் கூடாது. டோர் பேடுக்குப் பின்னால் கம்பெனியே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாற்றுகிற அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் விடுவார்கள். ஐப்பசி அடைமழையில் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் நேராகக் கோனில் விழும். அடுத்த ஆண்டு மறுபடி ஒரு ஸ்பீக்கர்.

"வாட்ஸ் கம்மி, அதான் பிரச்சினை" என்று சொல்லிப் பெரிய எண் அச்சிட்ட பெட்டியைக் காட்டுவது இன்னொரு வழக்கம். நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட்ஸ் என்று பெட்டியில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். அதை உள்ளே உயர்த்திக்கொள்ளும் சுற்று இல்லாத ஒரு செட், நான்கு ஓம்ஸ் ஸ்பீக்கருக்குச் சுத்தமான ஒலியாகத் தரக்கூடிய உச்ச அளவு கணக்குப்படி 26 வாட்ஸுக்குள்தான். நடைமுறையில் அதைவிடக் குறைவு. மேலே அச்சிட்ட எண்ணை நம்பி முழுச் சத்தத்தில் வைத்தால், அலையின் தலை வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும், டுவீட்டர் சூடேறிக் கருகும். அப்போது கெட்டது ஸ்பீக்கர் என்றாலும் கெடுத்தது நாம் வைத்த சத்தம்.

இரைச்சலைத் தேடிப் பிடிப்பது இந்தத் தொழிலின் ஓரத்து வேலையல்ல, தொழில் பிறந்ததே அந்த வேலையோடுதான். 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, காருக்குள் ரேடியோவைப் பொருத்துவதைவிட எஞ்சினின் மின்பொறிகள் எழுப்பும் இரைச்சலை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. பிளக்கிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் தடைகளை மாட்டி ஒவ்வொரு காரிலும் அதைச் சாதித்தார்கள். இன்று பல பிளக்குகளின் எண்ணில் காணப்படும் 'ஆர்' என்ற எழுத்து, உள்ளேயே தடை வைத்த பிளக் என்பதைச் சொல்கிறது. அந்த எழுத்து இல்லாத மலிவான பிளக்கை சர்வீஸில் மாட்டிவிட்டு, ரேடியோ கரகரக்கிறது என்று செட்டை மாற்றச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்.

சரி, இவ்வளவு தெரிந்தும் கடைகளில் ஏன் தேடுவதில்லை? ஒரு மணி நேரம் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக் கிடந்து, ஒரு திருகை இறுக்கிச் சரிசெய்துவிட்டு, "ஐந்நூறு ரூபாய் கொடுங்கள்" என்று கேட்டால், "ஒரு ஸ்க்ரூ டைட் பண்ணதுக்கு ஐந்நூறா?" என்போம். அதே ஆள் பத்தே நிமிடத்தில் எட்டாயிரம் ரூபாய் செட்டை மாட்டினால், மாட்டுக்கூலியைப் பற்றி மூச்சு விடமாட்டோம். கண்ணுக்குத் தெரியும் பெட்டிக்குக் காசு கொடுக்கிறோம். கண்டுபிடித்த மூளைக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. மருத்துவரிடம் இப்படி நடந்துகொள்வதில்லையே. அவர் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, மருந்து வேண்டாம்" என்று சொன்னால், நிம்மதியாகக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இதற்குச் சில மறுப்புகள் உண்டு. பார்ப்பதற்கே காசு என்றால், ஒன்றும் செய்யாமல் காசு மட்டும் வாங்கிக்கொள்வார்கள் என்பது முதலாவது. நியாயமான பயம். அதனால்தான் கட்டணம் முன்கூட்டியே பலகையில் எழுதப்பட வேண்டும். பார்த்து முடித்ததும் என்ன சோதித்தார், என்ன கண்டார் என்பதை நான்கு வரியில் எழுதித் தர வேண்டும். அங்கேயே பழுது பார்த்தால் பில்லில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தால் வாடிக்கையாளர் இன்னொரு கடையில் காட்டி ஒப்பிடலாம். தவறான சோதனைக்குக் காசு வாங்கியதாகத் தோன்றினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று முறையிடவும் அந்தச் சீட்டு ஆதாரமாகும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. இன்று வாய்வார்த்தையில் "செட்டு போச்சு" என்று சொல்பவரிடம் எதை வைத்துக் கேள்வி கேட்பது?

செட்டும் ஸ்பீக்கரும் இன்று மலிவு, மெக்கானிக்கின் நேரம்தான் விலை கூடியது, ஆகவே மாற்றுவதே புத்திசாலித்தனம் என்பது இரண்டாவது மறுப்பு. கோளாறு செட்டிலேயே இருந்தால் இதை ஒப்புக்கொள்ளலாம். எர்த்திலோ வயரிலோ ஆல்டர்னேட்டரிலோ இருந்தால், மலிவுப் பொருளை இரண்டு மூன்று முறை வாங்கிய பிறகும் கீச்சொலி மிச்சமிருக்கும். அதைவிட முக்கியமானது, இந்த இரைச்சல் சில நேரம் பெரிய கோளாறின் முன்னறிவிப்பு. டயோடு ஒன்று போன ஆல்டர்னேட்டர் பேட்டரியை முழுதாக நிரப்பாது, சமயத்தில் இரவோடு இரவாக பேட்டரியை வற்றவும் வைக்கும். ஃபில்டரை மாட்டி அந்த ஒலியை அமுக்கிவிட்டால், கார் நடுவழியில் நிற்கும் வரை விஷயம் தெரியாது. தோல் உரிந்து பாடியோடு உரசும் வயர் இன்று கரகரக்கும், நாளை புகையும்.

தொடுதிரையோடு டேஷ்போர்டிலேயே கலந்துவிட்ட புதிய கார்களின் செட்டில் இதெல்லாம் நடக்காது என்பார்கள். கணினி நுழைந்திருப்பது உண்மை. ஆனால் ஸ்பீக்கர் காயில் அதே காயில்தான், எர்த் அதே இரும்புதான். அந்தத் திரைகளை மாற்றும் செலவு பழைய செட்டைவிடப் பல மடங்கு என்பதால் முதலில் சோதிப்பது இன்னும் அவசியமாகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிமுறைகளை வகுக்க 2022-இல் ஒரு குழுவை அமைத்தது. வாகனங்களும் அதன் பார்வைக்குள் இருக்கின்றன. கார் நிறுவனங்கள் தங்கள் வயரிங் வரைபடங்களை வெளிக்கடை எலக்ட்ரீஷியன்களுக்கும் நியாயமான விலையில் கொடுத்தாக வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும். எந்த நிற வயர் எங்கே போகிறது என்று தெரியாத ஒருவரிடம், குத்துமதிப்பாக வெட்டி ஒட்டாதே என்று எப்படிச் சொல்வது?

அடுத்த முறை கார் ரேடியோ கரகரத்தால், கடைக்குள் நுழைந்ததும் "புதுசா என்ன செட் இருக்கு?" என்று கேட்காதீர்கள். "சத்தம் எங்கிருந்து வருதுன்னு பாருங்கண்ணே, பார்க்கறதுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.