முகவரியின் கடைசிச் சொல்

ஓய்வுபெற்ற சக பேராசிரியர் ஒருவர் தமது கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியைக் காட்டி, 'வங்கியின் பெயர் இருக்கிறது. இணைய முகவரியும் டாட் இன் என்றுதான் முடிகிறது. அரசு விசாரிக்காமலா கொடுத்திருக்கும்?' என்று கேட்டார். விசாரிப்பதில்லை என்பதே உண்மை.

டாட் இன் முகவரிகளை நிர்வகிப்பது இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம். முன்பு விதிகள் கடுமையாக இருந்தன. 1992 முதல் 2004 வரை பதிவானவை சுமார் 7,000 பெயர்களே. 2005-இல் கதவு திறக்கப்பட்டது. இந்தியாவில் அலுவலகமோ வசிப்பிடமோ இல்லாதவரும் கட்டணம் செலுத்திப் பெயரைப் பெறலாம். முதலில் கேட்பவருக்கே முன்னுரிமை. வணிகமுத்திரை உரிமையாளர் ஆட்சேபித்தால் நடுவர் முன் முறையிட வழியுண்டு. ஆனால், அது பெயர் பதிவான பிறகுதான். ஏமாந்தவரின் பணம் போன பிறகும்கூட.

இதில் நாடுகளின் கொள்கை ஒன்றுபோல் இல்லை. ஆஸ்திரேலியா தன் பின்னொட்டைப் பெறுவதற்கு அந்நாட்டுடன் தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது. கரீபியத் தீவான அங்குவிலாவோ தனக்குக் கிடைத்த டாட் ஏஐ பின்னொட்டை உலகுக்கே விற்கிறது. 2023-இல் அதன் அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்வகையில் வந்தது. சின்னஞ்சிறு தீவுக்கு அது நியாயமான வணிகம். கோடிக்கணக்கானோர் இணையவழியில் பணம் அனுப்பும் நாட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நல்ல சரக்கையும் போலிச் சரக்கையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது சந்தையே சீர்கெடும் என்று 1970-இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்டது பழைய கார்ச் சந்தையை. வங்கி முகவரிகளுக்கும் அது பொருந்தும்.

ஆகவே, ரிசர்வ் வங்கி 2025-இல் எடுத்த முடிவு வரவேற்கத்தக்கது. திறந்த வீட்டுக்குள் பூட்டிய அறை ஒன்றை அது அமைத்தது. 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். அதைப் பதிவு செய்யும் அதிகாரம் ஹைதராபாதிலுள்ள வங்கித் தொழில்நுட்ப மேம்பாட்டு, ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. அக்டோபர் 31-க்குள் வங்கிகள் மாற வேண்டும் என்றும் ஏப்ரலில் உத்தரவிடப்பட்டது.

ஆனால், பூட்டு இருப்பது வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டுமே! 'பேங்க்', 'இன்' ஆகிய சொற்களை இடையில் செருகி, டாட் காம் என்று முடித்தால் அவசரத்தில் படிப்பவர் ஏமாறக்கூடும். டாட் இந்தியா என்பதைத் தமிழ் எழுத்திலேயே தரும் பின்னொட்டு நம்மிடம் இருக்க, பாதுகாப்பின் அடையாளம் ரோமன் எழுத்தில் மட்டும் இருப்பது ஆங்கிலம் அறியாத ஓய்வூதியருக்கு எவ்வளவு உதவும்?

வங்கிகள் கைவிடும் பழைய முகவரிகள் இன்னொரு கவலை. புதுப்பிக்காமல் விட்டால், முதலில் கேட்பவருக்கே பெயர் என்ற விதிப்படி அவை யாருக்கும் போகலாம். இருபது ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் தட்டச்சு செய்து பழகிய முகவரி மோசடிக்காரரின் கையில் கிடைத்தால், புதிய பூட்டினால் பயனில்லை. அவற்றைத் தக்கவைக்க ஆகும் ஆண்டுக் கட்டணம் எந்த வங்கிக்கும் ஒரு பொருட்டல்ல. குறைந்தது பத்தாண்டுகளுக்குப் பழைய பெயர்களைக் கைவிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்த வேண்டும். புதிய முகவரியைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் கிளை அறிவிப்புப் பலகையிலும் அந்தந்த மாநில மொழி விளக்கத்துடன் அச்சிடவும் ஆணையிடலாம்.