கடைக்குள் ஒரு ஸ்டூல்

கண்டி–மாத்தளை வீதியில் அக்குறணையைத் தாண்டி அலவத்துகொட வந்தால், வீதியோரமெங்கும் கடைகள். புடவைக் கடையில் துணி விரித்துக் காட்டும் பெண், ஹோட்டலில் கொத்து ரொட்டி போடுபவர், சலூனில் முடி வெட்டுபவர் எல்லோரும் நின்றே பிழைக்கிறார்கள். இரவானால் கால் உளைவு, கணுக்காலில் வீக்கம். சிலருக்குக் கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்டு புடைத்த நாளங்கள். இதற்கு வீட்டு வைத்தியம் உண்டு: சுடவைத்த நல்லெண்ணெய் தேய்ப்பது, நொச்சித் தழை அவித்த நீரில் கால் வைப்பது, வல்லாரையைச் சம்பலாகவும் கஞ்சியாகவும் சேர்த்துக்கொள்வது. மாத்தளைப் பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் தைலப் போத்தல்களும் கிடைக்கும். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அநியாயம். ஆனால் கால் களைப்பு வேறு, நாளப் புடைப்பு வேறு. முன்னதற்கு ஆறுதல் தரும் எண்ணெய், பின்னதற்கும் மருந்தாகிவிடும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

பாதத்து இரத்தம் இதயத்துக்கு மேலேறிப் போக வேண்டும். கெண்டைத்தசை சுருங்கி அதை மேலே தள்ளுகிறது. நாளத்துக்குள் இருக்கும் சிறு வால்வுகள் திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் நாளத்தில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம். நடந்தால் அது 30 அளவுக்கு இறங்கும். வால்வு பழுதானவருக்கு அப்படி இறங்காது. நாளம் விரிந்து சுருள்கிறது. பரம்பரை, பிள்ளைப்பேறு, வயது, உடற்பருமன் எல்லாம் இதற்குக் காரணங்கள். பழுதான வால்வை எந்தத் தைலமும் சீராக்காது. ‘தேய்த்தால் சுகமாக இருக்கிறதே’ என்பார்கள். உண்மைதான். தேய்க்கும்போது உட்கார்ந்து காலை நீட்டுகிறோம், பாதத்திலிருந்து முழங்கால் நோக்கி உருவுகிறோம். தேங்கிய நீர் மேலே நகர்கிறது. படுத்துக்கொண்டு தலையணைகளை அடுக்கி, காலை இதய மட்டத்துக்கு மேலே கால்மணி நேரம் வைத்தால் எண்ணெய் இல்லாமலே அந்தச் சுகத்தில் பெரும்பங்கு கிடைத்துவிடும். வல்லாரைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் சான்று இருக்கிறது. அதன் சாரத்தைக் கொடுத்துச் செய்த சோதனைகளை 2013இல் தொகுத்துப் பார்த்த ஆய்வு, வீக்கமும் கால் பாரமும் குறைவதாகக் கண்டது. சோதனைகள் சிறியவை என்றும் எச்சரித்தது. அவற்றில் கொடுத்தது அளவிட்டுப் பிரித்த சாரம். சம்பல் நல்ல உணவு; அதை மருந்தின் அளவாகக் கணக்கிட முடியாது.

சில பழக்கங்களை விட்டேயாக வேண்டும். சுடுநீர் தசைக்கு இதம், ஆனால் புடைத்த நாளத்தை மேலும் விரிக்கும். அங்கே குளிர்ந்த நீரே நல்லது. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும். நாளம் கயிறுபோல் இறுகிச் சிவந்து சுட்டாலோ, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, அந்தக் காலைப் பிடித்துவிடவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிரே போகும். புடைத்த நாளம் வெடித்து இரத்தம் பீறிட்டால் கோப்பித்தூள் அப்பிக்கொண்டு நிற்பதும் தவறு. உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

‘ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே’ என்பது நியாயமான கேள்வி. அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை என்றாலும் பஸ் காசும் வேலை நாளும் போகின்றன. ஆனால் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, கடினப்பட்ட பிறகும் தள்ளிப்போட்டால், வரும் புண் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். அப்போது போகும் நாட்கள் எத்தனை? பழுதான நாளத்தைக் காலம் தாழ்த்தாமல் அடைத்துவிட்டால் புண் விரைவாக ஆறுகிறது என்பதை 2018இல் வெளியான பிரித்தானியச் சோதனை காட்டியது. இறுக்குக் காலுறையும் பயன் தரும். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் நாடியில் இரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் அதை அணியக்கூடாது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. டென்மார்க்கில் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், பெரும்பாலும் நின்றே வேலை செய்பவர்கள் நாளப் புடைப்புக்காக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.8 மடங்காக இருந்தது. பகல் முழுவதும் நிற்க வைத்துவிட்டு இரவில் தேய்த்துக்கொள்ளச் சொல்வது என்ன வைத்தியம்? கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடியதன் பயனாக 2018இல் கேரளம், கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் அதைச் செய்தது. ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். ஆள் வரும்போது எழுந்து நின்றால் போதுமே. யாரும் வராத மதிய நேரத்தில் நிற்பது யாருக்கு மரியாதை? தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவரை உட்காரச் சொல்ல முடியாது என்பது சரி. அவர் நடக்கிறார், அது கெண்டைத்தசைக்கு நல்லதுதான். ஆனால் கூடையைச் சுமந்துகொண்டு நிறுவைக்காக வரிசையில் காத்திருக்கிறாரே, அங்கே ஒரு வாங்கு போடத் தோட்டத்துக்கு என்ன செலவாகும்?