சீட்டுக் கட்டில் ஒரு விண்கலம்

சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியோர் முகம் சுளிப்பர். சீட்டாட்டத்தாற் குடிகெட்ட கதைகள் எல்லா ஊர்களிலும் உண்டாதலின் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், சென்ற மழைக்காலத்தில் பூனாகலைத் தோட்ட லயமொன்றின் இஸ்தோப்பில் நாம் கண்ட சீட்டுக் கட்டு அவ்வகையைச் சேர்ந்ததன்று.

மூடுபனி இறங்கித் தேயிலை மலையை மறைத்திருந்த பிற்பகல் அது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த சீட்டுகளைச் சாக்கின்மேற் பரப்பித் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "ஐயா, இதையெல்லாம் அடுப்பிலே போடச் சொல்லுங்கள்; படிக்கிற பிள்ளைக்குச் சீட்டு எதற்கு?" என்று தந்தை நம்மிடம் முறையிட்டார். விடுமுறை நாளில் அவரும் 'முந்நூற்று நான்கு' ஆடுவதை மகன் மெல்ல நினைவூட்டினான். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11 என்று எண்ணிக் கூட்டினால், நான்கு இனத்துக்குமாக 304 வரும் ஆட்டம் அது. தந்தை சிரித்துவிட்டார். தீர்ப்புக் கூறும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

சீட்டுகளைக் கையிலெடுத்துப் பார்த்தோம். அவற்றில் அரசனுமில்லை, அரசியுமில்லை. விண்கலங்களும் அவற்றிற் பயணஞ்செய்வோரும் இருந்தனர். 'ஸ்டார் டிரெக்' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர் 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பிறந்தது. அதன் வழித்தோன்றலாக 1987 முதல் 1994 வரை மற்றொரு தொடர் ஒளிபரப்பாயிற்று. அதைத் தழுவி டிசைஃபர் என்ற அமெரிக்க நிறுவனம் 1994இல் இவ்வாட்டத்தை வெளியிட்டது. முதல் வெளியீட்டில் மட்டும் 363 வகைச் சீட்டுகள் இருந்தன.

ஆட்டத்தின் முறை சுவையானது. ஆடுவோர் இருவரும் ஆளுக்கு ஆறு பணிச் சீட்டுகளை வரிசையாக அடுக்குவர். அவ்வரிசையே விண்வெளி. பணியை முடித்தாற் புள்ளிகள். முதலில் 100 புள்ளி பெறுபவருக்கு வெற்றி. ஆனால் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரும் பணிச் சீட்டுகளுக்கு அடியில் இடர்ச் சீட்டுகளை மறைத்துவைப்பர். அங்கே காத்திருப்பது கொடிய நோயா, இயந்திரக் கோளாறா, பகைவனின் சூழ்ச்சியா என்பது போய் இறங்கும்வரை தெரியாது. பெரிய கலம் இருப்பது மட்டும் உதவாது. நோயென்றால் குழுவில் மருத்துவம் அறிந்தவர் வேண்டும். கோளாறென்றால் பொறியியல் அறிந்தவர் வேண்டும். பகையென்றால் சமாதானம் பேசத் தெரிந்தவர் வேண்டும். உரியவர் இல்லாத குழு அங்கேயே தடைப்படும், அல்லது ஆளை இழக்கும்.

இவ்வாட்டத்திற் குறையுமுண்டு. சீட்டுகள் மூடிய உறையில் விற்கப்பட்டன. உள்ளே இருப்பது எதுவென்று அறியாமலே 15 சீட்டுகள் கொண்ட உறையை வாங்கவேண்டும். அரிய சீட்டுக்கு ஆசைப்பட்டு உறைமேல் உறையாக வாங்குவதற்கும் லொத்தர்ச் சீட்டு வாங்குவதற்கும் என்ன வேறுபாடு? தந்தையின் அச்சம் இங்கே நியாயமானதே.

ஆனால் அதன் பின்கதை வேறு. 2007இல் நிறுவனத்தின் உரிமம் முடிவுற்றது, அச்சிடுவதும் நின்றது. ஆட்டக்காரர்கள் கலைந்துபோகவில்லை. தாமே ஒரு குழுவாகக் கூடிப் புதிய சீட்டுகளை உருவாக்கி, எவரும் வீட்டிலேயே அச்சிட்டு ஆடும்படி இலவசமாக வழங்கலாயினர். வாங்கித்தான் ஆடவேண்டுமென்ற நிலை மாறி, செய்தும் ஆடலாம் என்றாயிற்று.

"அப்படியானால் நீயும் செய்யலாமே! விண்வெளி எதற்கு? பூனாகலையையே வரிசையாக அடுக்கு" என்றோம். பையனின் கண்கள் மலர்ந்தன. பழைய அப்பியாசக் கொப்பி அட்டைகள் வந்தன, கத்தரிக்கோல் வந்தது. 'கொழுந்து மலை' ஒரு பணிச் சீட்டு. அதனடியில் 'குளவிக் கூடு' என்ற இடர். 'பள்ளிக்கூடப் பாதை' மற்றொன்று, அதனடியில் 'ஆற்றுவெள்ளம்'. 'லயம்' என்று மூன்றாவதை எழுதியவன் சற்றே தயங்கி, அதன் இடரை எழுதினான்: 'மண்சரிவு'.

எவரும் பேசவில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை இறங்கி லயங்களை மூடிய துயரை இப்பகுதியில் மறந்தவர் எவர்? 2023 மார்ச்சில் இதே பூனாகலையின் கபரகலையிலும் மண் சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. இங்கே சீட்டுக்கடியில் மறைந்திருந்த இடர், காலுக்கடியிலும் மறைந்திருக்கிறது.

"இதற்கு எந்தத் திறமை வேண்டுமென்று எழுதுவது?" என்று பையன் கேட்டான். நாம் வாய் திறக்குமுன் தந்தை பேசினார்: "மழையை அளந்து பார்க்கிறவன் ஒருவன். இராத்திரியில் எல்லாரையும் தட்டி எழுப்புகிறவன் ஒருவன். நடக்கமுடியாத கிழவியைத் தூக்குகிறவன் ஒருவன். பள்ளிக்கூடச் சாவி வைத்திருக்கிறவன் ஒருவன். இதிலே ஒருவன் குறைந்தாலும் போச்சு."

மழையளவைப் பற்றி நாமும் ஒன்று சொன்னோம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100ஐக் கடந்தால் ஆயத்தம், 150ஐக் கடந்தால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவு. பையன் அம்மூன்று எண்களையும் சீட்டின் மூலையிற் குறித்துக்கொண்டான்.

அடுப்புக்குப் போகவிருந்த சீட்டுகள் அன்று அலமாரிக்குப் போயின. பெற்றோரே, பிள்ளை சீட்டை எடுத்தவுடன் கையைத் தட்டிவிடாதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள். மாணவர்களே, உறைக்குக் காசு கேட்டு வீட்டில் நிற்காதீர்கள். அட்டையும் பேனாவும் உங்களிடமே இருக்கின்றன. உங்கள் லயத்தில் அந்த நான்கு பேரும் யார் யார் என்று இன்றே எழுதிப் பாருங்கள். ஒரு சீட்டு வெறுமையாக நின்றால், அதில் எழுதவேண்டிய பெயர் ஒருவேளை உங்களுடையதாயிருக்கலாம்.