பொறியும் மதியும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்வோர், கடற்காற்று முகத்தில் படும்போதே மாமல்லபுரம் அணித்தாயிற்று என உணர்வர். பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையிலே கலை வளர்த்த ஊர் அது. அவ்வூரை அடுத்த பூஞ்சேரியில் 2022 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில் ஒரு பெருவிழா தொடங்கியது. அதுவே 44 ஆம் சதுரங்க ஒலிம்பியாடு ஆகும். இந்திய மண்ணில் அவ்விழா நடைபெற்றது அதுவே முதன்முறை. 180க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வீரரும் வீராங்கனையரும் வந்து குழுமினர். அவர்தம் மொழி வேறு; உடை வேறு; உணவு வேறு. எனினும், 64 கட்டங்களின் முன் அமர்ந்தபோது அனைவரும் ஒரே விதிக்கு அடங்கினர். ஆயிரக்கணக்கானோர் கூடிய அவ்விடத்தில் பேச்சொலி இல்லை. மதியோடு மதி பொருதது.

அந்நாள்களில் ஒரு மாலை, என் பெயரன் அவ்வாட்டங்களைக் கைப்பேசியில் கண்டுகொண்டிருந்தான். திரையிலே பலகையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. "அஃது என்ன?" என வினவினேன்.

"யார் வெல்லும் நிலையில் இருக்கிறார் என்பதைக் கணிப்பொறி காட்டுகிறது, தாத்தா. ஆடுகிறவர்களுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும்" என்றான். சற்று நேரம் சென்றபின், "உலகச் சாம்பியனையே இந்தக் கைப்பேசி தோற்கடித்துவிடுமாம். அப்படியானால் இவர்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டு ஆட வேண்டும்?" என்று கேட்டான்.

சிறுவன் கேட்ட வினாவேயாயினும் அது சிறிய வினா அன்று. மாந்தரைக் காட்டிலும் பொறி திறம்படச் செய்யும் ஒரு செயலை மாந்தர் ஏன் செய்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காணுமுன், பொறி வெற்றி பெற்ற வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம்.

1996 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் இயற்றிய 'டீப் புளூ' என்னும் கணிப்பொறி, அக்காலத்து உலகச் சாம்பியனாகிய காரி காஸ்பரோவுடன் ஆறு ஆட்டங்கள் ஆடி, 4-2 என்னும் கணக்கில் தோற்றது. அடுத்த ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரில் மீண்டும் ஆடி, மூன்றரைக்கு இரண்டரை என்னும் கணக்கில் அவரை வென்றது. அப்பொறி நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய வல்லது. சதுரங்கத்தினும் பரந்த வாய்ப்புகளை உடைய 'கோ' என்னும் பலகை விளையாட்டில் பொறி வெல்ல நெடுங்காலம் ஆகும் எனப் பலர் எண்ணினர். 2016 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், 'ஆல்பாகோ' என்னும் செயற்கை நுண்ணறிவு, கொரிய நாட்டுப் பெருவீரராகிய லீ செடோலைச் சியோல் நகரில் 4-1 என்னும் கணக்கில் வென்றது.

இவையெல்லாம் பலகை விளையாட்டுகள். இருவர்க்கும் பலகை முழுதும் தெரியும். ஒருவர் காய் நகர்த்தியபின் மற்றவர் நகர்த்துவர். கணிப்பொறித் திரையில் ஆடும் போர்த்திற விளையாட்டுகளோ வேறு தன்மையன. அவற்றில் பகைவர் படை இருக்கும் இடம் மறைந்திருக்கும். ஒற்றர் விடுத்தே அறிதல் வேண்டும். பொருள் ஈட்டல், படை பெருக்கல், அரண் அமைத்தல், தாக்குதல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே செய்தல் வேண்டும். மாற்றார் நகரும்வரை காத்திருத்தல் அங்கே இல்லை. காலம் ஓடிக்கொண்டே இருக்கும். இவ்விளையாட்டுகளையே தொழிலாகக் கொண்டு, நாள்தோறும் பல மணி நேரம் பயிலும் வீரர்கள் பல நாடுகளில் உளர்.

அத்துறையிலும் பொறி புகுந்தது. 'ஸ்டார்கிராஃப்ட் 2' என்னும் விளையாட்டில் 'ஆல்பாஸ்டார்' என்னும் செயற்கை நுண்ணறிவு, டி.எல்.ஓ., மானா என்னும் ஆட்டப் பெயர்களால் அறியப்பட்ட இரு தொழில்முறை வீரரையும் தனித்தனியே 5-0 என வென்ற செய்தி, 2019 ஜனவரியில் வெளியாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று, ஐவர் ஐவராகப் பொருதும் 'டோட்டா 2' விளையாட்டில், முந்தைய ஆண்டின் உலக வெற்றி அணியாகிய ஓ.ஜி. அணியை 'ஓப்பன் ஏஐ ஃபைவ்' என்பது 2-0 என வென்றது.

வெற்றி வெற்றியே. ஆயினும், அது எத்தகைய களத்தில் பெற்ற வெற்றி என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். ஆல்பாஸ்டார் அப்பத்து ஆட்டங்களிலும், மறைந்த பகுதி நீங்கலாகக் களம் முழுவதையும் ஒரே பார்வையில் கண்டது. மனித வீரரோ திரையை இங்குமங்கும் நகர்த்தியே காண இயலும். வீரருள் ஒருவர் தமக்குப் பழகிய படையினத்தை விட்டு வேறோர் இனத்தைக் கொண்டு ஆடினார். பின்னர் நிகழ்ந்த காட்சி ஆட்டம் ஒன்றில், மனிதரைப் போலவே திரையை நகர்த்திக் காணுமாறு பொறிக்கு விதி வகுத்தனர். அவ்வாட்டத்தில் மானா வென்றார். டோட்டாவிலும், நூற்றுக்கு மேற்பட்ட கதைமாந்தருள் 17 பேரை மட்டுமே கொண்டு ஆட்டம் நடைபெற்றது. எனினும், குறை கூறி மனநிறைவு கொள்ளுதல் நேர்மை ஆகாது. 2019 அக்டோபருக்குள் ஆல்பாஸ்டார் மேலும் கடுமையான வரம்புகளுக்கு உட்பட்டு ஆடி, தரவரிசையில் உள்ள மாந்தருள் 99.8 விழுக்காட்டினரை விஞ்சிய நிலையை எய்தியது.

பொறி இத்திறனை எவ்வாறு பெற்றது? பெரும்பாலும் தன்னோடு தானே ஆடிப் பெற்றது. ஓப்பன் ஏஐ ஃபைவ் பத்துத் திங்களில் ஆடிய ஆட்டங்களை ஒரு மனிதர் ஆடுவதாயின், ஏறத்தாழ 45,000 ஆண்டுகள் ஆகும் என அதனை ஆக்கியோர் கணக்கிட்டனர். கோடிக்கணக்கான முறை தோற்று, ஒவ்வொரு தோல்வியாலும் சிறிது திருந்தி அது மேம்பட்டது. மனிதர்க்கு வாய்த்ததோ ஒரு வாழ்நாள். ஆயிரக்கணக்கான ஆட்டங்களால் மட்டும் கற்ற ஓர் இளைஞர், 45,000 ஆண்டுப் பயிற்சிக்கு எதிரே சிறிது நேரமேனும் நின்று பொருதார் என்றால், வியக்கத்தக்கவர் அவ்விருவருள் யார்?

பொறியின் அறிவு எங்கும் நிறைந்த அறிவும் அன்று. 2023 ஆம் ஆண்டில், கோ விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளாத அமெரிக்கர் ஒருவர், அவ்விளையாட்டின் மிக வலிய நிரல்களுள் ஒன்றை 15 ஆட்டங்களில் 14 முறை வென்றார். அந்நிரலின் குறைபாட்டை ஆராய்ந்து கண்டதும் மற்றொரு கணிப்பொறி நிரலே. அக்குறை, பழகிய வீரர் எளிதிற் கண்டுகொள்ளத்தக்க வகையினது. பொறி அதனைக் காணவில்லை.

இனி மாந்தர் பக்கம் திரும்புவோம். ஆல்பாகோவிடம் தோற்ற லீ செடோல், நான்காம் ஆட்டத்தில் வைத்த 78 ஆம் கல், பொறி எதிர்பாராதது; அதனால் அவர் வென்றார். அத்தகைய வீரர் 2019 நவம்பரில் தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகினார். தாம் முதல்வராக விளங்கினும், வெல்லவொண்ணாத ஒன்று உளது என்பது அவர் மனத்தை வருத்தியது. அவர் வருத்தத்தை நான் மதிக்கின்றேன். வாழ்நாளைக் கொடுத்துக் கற்ற கலையில் அத்தகைய நிலையைக் கண்டவர்க்கே அவ்வருத்தத்தின் ஆழம் தெரியும். எனினும், அவர் கொண்ட முடிவை இளைஞர் தம் முடிவாகக் கொள்ளுதல் கூடாது என்பது என் கருத்து. அதற்குக் காரணம் பூஞ்சேரியிலேயே உளது.

அவ்வொலிம்பியாடில், இந்தியாவின் இரண்டாம் அணியில் முதற்பலகையில் ஆடியவர் சென்னையைச் சேர்ந்த குகேஷ். அப்போது அவருக்கு அகவை 16. முதல் எட்டு ஆட்டங்களிலும் அவர் தொடர்ந்து வென்றார். ஆகஸ்டு 8 அன்று பத்தாம் சுற்றில், உஸ்பெகிஸ்தான் வீரர் அப்துசத்தோரொவை எதிர்த்து வெல்லும் நிலையில் இருந்தார். அந்நிலையிலிருந்து பிழை செய்து தோற்றார். அணிகள் 2-2 எனச் சமநிலை அடைந்தன. முடிவில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குச் சென்றது. நம் இரண்டாம் அணி வெண்கலம் பெற்றது.

குகேஷ் பிழை செய்த அக்கணத்திலேயே என் பெயரன், "போச்சு!" என்று கூவினான். பட்டை சரிந்ததை அவன் கண்டான். "எதனால் பிழை?" என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. விடை அவன் கையில் இருந்தது; விளக்கம் அவன் கருத்தில் இல்லை. களத்தில் இருந்த இளைஞருக்கோ விடை சொல்வார் யாரும் இலர். ஆடுவோர் கைப்பேசியுடன் களம் புகுதல் விதிக்கு மாறு. கடிகாரம் ஓட, தாமே நோக்கி, தாமே எண்ணி, தாமே துணிந்து, தாமே இடறினார். அன்று மாலை, அவ்வாட்டத்தைப் பற்றிச் சரியான முடிவு அறிந்தவன் என் பெயரன். அவ்வாட்டத்தால் வளர்ந்தவர் குகேஷ். இரண்டாண்டும் நான்கு திங்களும் கழிந்தபின், 2024 டிசம்பர் 12 அன்று, சிங்கப்பூரில் சீனத்து டிங் லிரெனை வென்று, தம் 18 ஆம் அகவையில் அவர் உலகச் சாம்பியன் ஆனார்.

அவர்தம் பயிற்சியில் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவருடைய ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா, இளம்பருவத்தில் நெடுங்காலம் அவரைக் கணிப்பொறியின் கணிப்பை நாடவொட்டாது பயிற்றினார். நிலையை நோக்கித் தாமே எண்ணி முடிவு காணுமாறு பழக்கினார். கணிப்பொறி பின்னரே வந்தது.

இதனைக் கேட்டபோது எனக்கு என் இளமை நினைவுக்கு வந்தது. நான் புலவர் வகுப்பில் பயின்றபோது, எம் ஆசிரியர் செய்யுளை மட்டும் கூறுவார். உரைநூலை மூடிவைக்கச் செய்வார். "முதலில் மூலம், பின்னர் உரை" என்பது அவர் வகுத்த முறை. சொல்லைப் பிரித்து, எழுவாய் தேடி, பயனிலை தேடி, நாங்கள் பொருள் காணல் வேண்டும். ஒருமுறை நான் முதல்நாள் இரவே உரையைப் படித்துவிட்டு, வகுப்பில் தடையின்றிப் பொருள் கூறினேன். ஆசிரியர் பாராட்டினார். மறுநாள் உரை இல்லாத ஒரு பழம்பாடலைத் தந்து என்னையே எழுப்பினார். முதல் அடியிலேயே நின்றுவிட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "நேற்று உரையாசிரியர் பேசினார், இன்று நீ பேசு" என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

மாணவர்களே, உரையைப் பழித்தல் என் நோக்கம் அன்று. உரையாசிரியர் இலராயின் பண்டை நூல்கள் பல நமக்கு விளங்கா. அவ்வாறே கணிப்பொறியும் பெருந்துணை செய்கின்றது. நல்லாசிரியர் இல்லாத சிற்றூரில் உள்ள சிறுவனும் இன்று வலிமைமிக்க துணையுடன் சதுரங்கம் பயில முடிகின்றது. தன் ஆட்டத்தின் பிழைகளை அன்றே அறிந்து திருந்த முடிகின்றது. ஆல்பாகோ காட்டிய புதிய வழிகளைக் கோ வீரர் ஆராய்ந்து தம் கலையைப் பெருக்கிக்கொண்டனர். தானே எண்ணியவன் பின்னர் உரையை நாடின், அவ்வுரை அவனுக்கு விளக்காகும். எண்ணாமலே நாடியவனுக்கு அஃது ஊன்றுகோலாகும். நாளடைவில் கால் நடை மறக்கும்.

சதுரங்கத்தில் மட்டுமா இந்நிலை? கணக்குக்கு விடையும், கட்டுரைக்கு வாசகமும், செய்யுளுக்குப் பொருளும் நொடியில் தரும் பொறிகள் இன்று உங்கள் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளன. அவை தரும் விடை சில வேளை பிழையாகலாம். பல வேளை சரியாகவே இருக்கலாம். சரியான விடையால் ஏட்டில் மதிப்பெண் கூடும். விடை தேடி வருந்திய உழைப்பு ஒன்றே உள்ளத்தில் ஆற்றலாய் நிலைக்கும். தேர்வுக் கூடத்திலும், அதனினும் பெரிய வாழ்க்கைக் களத்திலும், பட்டை காட்டும் திரை உங்கள் முன் இராது.

மாமல்லபுரம் செல்லும்போது தேர்களையும் பெரும்புடைப்புச் சிற்பத்தையும் கண்டு மகிழுங்கள். அதனோடு அமையாது, முற்றுப்பெறாது நின்ற பணிகளையும் சென்று காணுங்கள். சில பாறை முகங்களில், சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, இடைப்பட்ட கல்லைச் சிறிது சிறிதாக உடைத்து நீக்கிய சுவடு புலனாகும். முடிந்த சிற்பம் சிற்பியின் வெற்றியைக் காட்டும். முடியாத பாறை அவன் எண்ணிய முறையையும் உழைத்த உழைப்பையும் காட்டும். பொறி நமக்கு முடிந்த சிற்பத்தைத் தருகின்றது. உளி பிடிக்கும் கையை நாமே பழக்கிக்கொள்ளல் வேண்டும்.

என் பெயரனுக்கும் இதனையே விடையாகச் சொன்னேன். "வெல்லுதல் ஒன்றே ஆட்டத்தின் பயன் என்றால், பொறி வந்த அன்றே ஆட்டம் முடிந்திருக்கும். ஆடுகிறவனுடைய மதி கூர்மை அடைவதும் ஆட்டத்தின் பயன். அப்பயனை உனக்காக வேறொருவர் பெற்றுத் தர முடியாது" என்றேன். அவன் சிறிது நேரம் வாளா இருந்தான். பின்னர்க் கைப்பேசியை வைத்துவிட்டுச் சதுரங்கப் பலகையை எடுத்து வந்தான். நாங்கள் இருவரும் ஆடினோம். இருவருமே பல பிழைகள் செய்தோம். அவை எங்கள் பிழைகள். ஒவ்வொன்றும் எதனால் நேர்ந்தது என்பதை ஆட்டம் முடிந்தபின் எங்களால் சொல்ல முடிந்தது.